சொந்தத் தொழில் கனவோடு படிக்கிறவர்களுக்கு: முதல் விற்பனையும் முதல் கணக்கும்

படித்துக்கொண்டிருக்கும்போதே "என்றைக்காவது சொந்தமாக ஒரு தொழில் நடத்தணும்" என்று மனதில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோர் மூன்று விஷயங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்: யாருக்கும் தோன்றாத ஒரு யோசனை, கையில் நல்ல முதல், அப்புறம் பட்டம். இவை எல்லாம் அமைந்த பிறகும் தொழில் பக்கமே போகாதவர்கள் உண்டு. தொடங்கிய வேகத்தில் மூடுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் பேசிப் பார்த்தால் ஒன்று புரியும். தொழில் தொடங்கும் நாள்வரை அவர்கள் பொருளை வாங்குகிறவர்களாகவே இருந்திருக்கிறார்கள். அறிமுகமில்லாத ஒருவரிடம் விலை சொல்லி, பணம் வாங்கி, சொன்ன தேதியில் பொருளைக் கொடுத்து, கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்று ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

அந்தப் பழக்கத்தைப் படிக்கும் காலத்திலேயே பெறலாம். பெரிய நிறுவனம் கட்டும் வழி இந்தக் கட்டுரையில் இல்லை. கையில் கொஞ்சம் பணமும் வாரத்துக்குச் சில மணி நேரமும் இருக்கிற ஒரு மாணவர், முதல் விற்பனையைச் செய்து அதன் கணக்கை எழுதி முடிப்பது வரைக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதே இதில் இருக்கிறது.

முதலில் அவசரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். இருபது வயதில் கோடீஸ்வரர் ஆனவர்களின் கதைகள் அதிகம் பேசப்படுவதால், இருபத்தைந்து தாண்டினால் காலம் போய்விட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கப்பட்ட நிறுவனங்களின் தரவுகளை வைத்துப் பியர் அசூலே, பெஞ்சமின் ஜோன்ஸ் முதலியோர் செய்து 2020-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கிய சமயத்தில், 45. அதே துறையில் முன்பே வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு அதிகம் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது.

முதல் படி: இன்னொருவரின் தொழிலில் வேலை பாருங்கள்

வகுப்பு முடிந்த பிறகோ விடுமுறையிலோ ஒரு சிறிய தொழிலிடத்தில் சேருங்கள். கடை, பட்டறை, அச்சகம், பழுதுபார்க்கும் இடம் எதுவானாலும் சரி. பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய இடம் நல்லது என்பது என் கருத்து. பெரிய இடத்தில் உங்களுக்கு ஒரு மூலை வேலைதான் கிடைக்கும். சிறிய இடத்தில் முதலாளி சரக்கு வாங்குவதும், விலை பேசுவதும், கடன் கேட்பவரைச் சமாளிப்பதும் உங்கள் கண்ணெதிரேயே நடக்கும்.

சம்பளத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் காட்சிகளைத்தான். கடையை மூடும் நேரத்தில் கல்லா எண்ணுவதைக் கவனியுங்கள். காலையில் கல்லாவில் வைத்த சில்லறை எவ்வளவு, அன்றைக்குப் பில்லில் ஏறிய தொகை எவ்வளவு, நடுவில் கல்லாவிலிருந்து எடுத்துச் செலவழித்தது எவ்வளவு, இப்போது பெட்டியில் இருப்பது எவ்வளவு? இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பொருந்தாத நாளில் முதலாளி எதை முதலில் தேடுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும், சரக்கு இறக்கியவருக்குக் கொடுத்துவிட்டு எழுத மறந்த கூலியோ, பில் போடாமல் கொடுத்த ஒரு பொருளோதான் அகப்படும். பணம் எங்கெல்லாம் சத்தமில்லாமல் ஒழுகும் என்பதை இந்த அரை மணி நேரம் கற்றுத் தருவதுபோல எந்த வகுப்பும் கற்றுத் தராது.

வேறு சிலவற்றையும் கவனிக்கலாம். எந்தச் சரக்கு வந்த வாரத்திலேயே தீர்கிறது, எது தூசி படிந்து கிடக்கிறது? சரக்குக்குப் பணம் உடனே கொடுக்கிறார்களா, தவணை இருக்கிறதா, எத்தனை நாள்? குறையோடு திரும்பி வரும் வாடிக்கையாளரிடம் முதலாளி முதலில் என்ன சொல்கிறார்? இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதிலும் தவறில்லை. ஆர்வமாகக் கேட்கிற பிள்ளைக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுக்க விரும்பாத முதலாளிகள் குறைவு. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அவருடைய வாடிக்கையாளர் பட்டியலையோ தொழில் ரகசியத்தையோ எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அது நம்பிக்கைத் துரோகம். பல இடங்களில் சட்டப்படியும் குற்றம்.

ஜப்பானில் சோய்ச்சிரோ ஹோண்டா 1922-ல் பதினைந்து வயதில் டோக்கியோவில் ஒரு வாகனப் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். ஆரம்பத்தில் கிடைத்தவை பட்டறையைப் பெருக்குவது, முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற வேலைகள்தாம். அங்கேயே தொழில் கற்று, 1928-ல் அதே பட்டறையின் கிளையை ஹமமாட்சுவில் தொடங்கினார். ஹோண்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது 1948-ல்.

இரண்டாம் படி: யோசனையைத் தேடாதீர்கள், சிரமத்தைத் தேடுங்கள்

"நல்ல ஐடியா கிடைக்கட்டும்" என்று உட்கார்ந்திருந்தால் கிடைக்காது. உங்களைச் சுற்றியிருப்பவர்கள் எதற்காகப் பணமும் நேரமும் செலவழித்துச் சலித்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். பழைய பாடப்புத்தகத்தை விற்க ஆள் தேடுவது, அறை மாற்றும்போது சாமான் தூக்க ஆள் இல்லாதது, மடிக்கணினி மெதுவாகிப்போய் என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பது, தம்பி தங்கைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஒருவர் வேண்டியிருப்பது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சிறு தொழில் இருக்கிறது.

அந்தத் தொழில் உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஆட்களிடம் பேச வேண்டும். பேசும் விதம் முக்கியம். "நான் இப்படி ஒன்று தொடங்கினால் வாங்குவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "கண்டிப்பா" என்பார்கள். உங்கள் மனம் நோகக் கூடாது என்ற அன்பில் சொல்வது அது. அதை நம்பிச் சரக்கு வாங்க முடியாது. நடந்து முடிந்ததைப் பற்றிக் கேளுங்கள். "போன தடவை இந்தப் பிரச்சினை வந்தபோது என்ன செய்தீர்கள்? எவ்வளவு செலவானது? அதில் என்ன பிடிக்கவில்லை?" போன தடவை எதுவுமே செய்யாமல் விட்டவர், உங்களிடமும் அனேகமாக எதுவும் வாங்கப்போவதில்லை. பணம் கொடுத்து ஏமாந்தவர், அல்லது தானே இரண்டு மணி நேரம் போராடிப் பார்த்தவர்தான் உங்கள் வாடிக்கையாளர்.

டெல் கணினி நிறுவனத்தைத் தொடங்கிய மைக்கேல் டெல் 1984-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். தங்கியிருந்த அறையிலேயே கணினிகளைப் பிரித்து, கூடுதல் பாகங்கள் பொருத்தி விற்றார். உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று அதில் எதுவும் கிடையாது. கணினிக்குள் இருக்கும் உதிரிபாகங்களின் விலைக்கும் கடையில் கணினி விற்கும் விலைக்கும் நடுவே இருந்த பெரிய இடைவெளி அவருக்குத் தெரிந்திருந்தது. சிறுவயதிலிருந்தே கணினியைப் பிரித்துப் பார்த்து வந்ததால் தெரிந்தது. அவர் போட்ட முதலீடு 1,000 டாலர். படிப்பை விட்டது விற்பனை சூடுபிடித்த பிறகு. இந்த வரிசையைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

எந்த வகைத் தொழிலில் ஆரம்பிப்பது என்று குழப்பமாக இருந்தால், சேவையில் ஆரம்பியுங்கள். சொல்லித்தருவது, பழுதுபார்ப்பது, வடிவமைப்பது, மொழிபெயர்ப்பது, ஒழுங்குபடுத்திக் கொடுப்பது. சரக்கு வாங்கி வைக்கத் தேவையில்லை, விற்காமல் தேங்கும் பயமும் இல்லை. அதன் குறை, நீங்கள் கை வைத்தால்தான் காசு வரும் என்பது. மாணவப் பருவத்துக்கு அது பெரிய குறையே இல்லை. பொருள் விற்கத்தான் ஆசை என்றால் சின்ன அளவில் போகலாம். ஐக்கியா என்ற அறைகலன் நிறுவனத்தைத் தொடங்கிய இங்வார் காம்ப்ராத் சிறுவனாக இருந்தபோது ஸ்டாக்ஹோமிலிருந்து மொத்தமாகத் தீப்பெட்டி வரவழைத்துச் சில்லறையாக விற்றார். 1943-ல் பதினேழு வயதில் நிறுவனத்தைப் பதிவு செய்தபோது, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில்தான் தொழில் இருக்கிறது என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

மூன்றாம் படி: பணம் போடுவதற்கு முன் தாளில் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழியுங்கள். நான் பார்த்தவரை, ஆர்வமுள்ள மாணவர்கள் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இதுதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். படம் அச்சிட்ட துணிப்பை விற்க நினைக்கிறீர்கள். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், எண்ணை மட்டும் பார்ப்போம். வெறும் பை 40. அச்சுக்கு 20. கொண்டுபோய்க் கொடுக்க 10. ஆக ஒரு பையின் அடக்கவிலை 70. நீங்கள் 120-க்கு விற்றால் பைக்கு 50 நிற்கும்.

இந்த 50-ஐ லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பை விற்றாலும் நூறு பை விற்றாலும் மாறாத செலவுகள் இருக்கின்றன: படம் வரைந்து வாங்குவது, அச்சுக்கு ஸ்கிரீன் (படத்தைத் துணியில் பதிக்க உதவும் சட்டம்) தயாரிப்பது, மாதிரிக்காகச் செய்து பார்த்தவை. அது மொத்தம் 2,000 என்று வையுங்கள். பைக்கு 50 வீதம் அந்த 2,000-ஐ மீட்க 40 பை விற்க வேண்டும். போட்ட பணம் திரும்பும் புள்ளி அதுதான். 41-வது பையிலிருந்துதான் லாபம் ஆரம்பிக்கிறது. இப்போது உங்களையே கேளுங்கள்: எனக்குத் தெரிந்த வட்டத்தில் 40 பேர் இதை வாங்குவார்களா? அவர்களை எப்படிச் சென்றடைவேன்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் ஸ்கிரீன் தயாரிக்கக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, தள்ளுபடி. விற்பனை மந்தமாக இருந்தால் முதலில் தோன்றுவது "இருபது சதவீதம் குறைத்துக் கொடுத்துப் பார்ப்போம்" என்பது. 120-ல் 20 சதவீதம் போனால் 96. அடக்கவிலை அதே 70. பைக்கு நிற்பது 26 மட்டும். இப்போது அந்த 2,000-ஐ மீட்க 77 பை விற்க வேண்டும். விலையைக் குறைத்தது ஐந்தில் ஒரு பங்கு. விற்க வேண்டிய எண்ணிக்கையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. விலையைக் குறைப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் போடுங்கள்.

சதவீதத்தில் இன்னொரு சறுக்கல் உண்டு. 100-க்கு வாங்கி 150-க்கு விற்றால் "ஐம்பது சதவீத லாபம்" என்கிறோம். வாங்கிய விலையைப் பார்த்தால் சரி. ஆனால் விற்ற விலையில் உங்களுக்கு நிற்பது மூன்றில் ஒரு பங்குதான். "விற்பனையில் பாதி எனக்கு" என்று நினைத்துச் செலவு செய்தால் முதலுக்கே மோசம் வந்துவிடும்.

உங்கள் உழைப்பையும் தாளில் எழுதுங்கள். ஒரு பைக்கு எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் என்றால் 40 பைக்கு 20 மணி நேரம். அதே 20 மணி நேரம் வேறு இடத்தில் வேலை பார்த்தால் என்ன கிடைக்கும்? அதைவிடக் குறைவாகக் கிடைத்தாலும் கற்றுக்கொள்வதற்காகச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் தெரிந்து செய்யுங்கள்.

நான்காம் படி: லாபமும் கைப்பணமும் வேறு வேறு

ஒரு சங்கம் உங்களிடம் 100 பை கேட்கிறது. ஒரு பை 120 வீதம் மொத்தம் 12,000. அடக்கம் 7,000. மாறாத செலவான 2,000 ஏற்கனவே மீண்டுவிட்டது என்று வைத்துக்கொண்டால் லாபம் 5,000. சந்தோஷமான செய்தி. ஆனால் அவர்கள் பணம் தருவது அறுபது நாள் கழித்து. பை விற்கிறவரும் அச்சடிக்கிறவரும் பணம் கேட்பது இன்றைக்கு. உங்களிடம் 7,000 இல்லையென்றால், லாபமுள்ள ஒரு ஆர்டரே உங்களைக் கைமாற்று வாங்க வைக்கும். ஓடிக்கொண்டிருக்கும் தொழில்கள் இப்படி மூச்சுமுட்டி நின்றுபோவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

தீர்வு, பேச்சிலேயே இருக்கிறது. ஆர்டர் எடுக்கும்போதே பாதி முன்பணம் கேளுங்கள். 6,000 வந்துவிட்டால் நீங்கள் தேட வேண்டியது 1,000 மட்டும். "மாணவர்தானே, எப்படிக் கேட்பது" என்று கூச்சப்படாதீர்கள். முன்பணம் கேட்பது எல்லாத் தொழிலிலும் உள்ள வழக்கம். மறுபக்கம், சரக்கு தருபவரிடம் தவணை கேளுங்கள். 1976-ல் ஆப்பிளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் ஐம்பது கணினிகள். பொருளைக் கொடுத்ததும் பணம் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். உதிரிபாகங்களை முப்பது நாள் தவணையில் வாங்கி, அந்த முப்பது நாளுக்குள் கணினிகளைச் செய்து கொடுத்துப் பணத்தை வாங்கிக் கடனை அடைத்தார்கள். டெல் பின்னாளில் பெரிதாக வளர்ந்ததற்கும் இதுவே ஒரு காரணம்: ஆர்டரும் பணமும் வந்த பிறகு கணினியைத் தயாரித்ததால், பாகங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்பே வாடிக்கையாளரின் பணம் கையில் இருந்தது.

வட்டிக்குக் கடன் வாங்கி முதல் தொழிலைத் தொடங்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். வங்கதேசத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா கிராமத்தில் கண்டது இது: மூங்கில் முக்காலி செய்பவர்கள் மூங்கிலுக்காக வியாபாரியிடம் கடன் வாங்கியிருந்தார்கள், அதனால் செய்த முக்காலியை அவர் சொன்ன விலைக்கே அவரிடமே விற்க வேண்டியிருந்தது. வேலை முழுக்க அவர்களுடையது, மிச்சம் முழுக்கக் கடன் கொடுத்தவருடையது. அந்தக் கிராமத்தில் 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 27 டாலர்தான். சிறிய கடன்தானே என்று நினைக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போனாலும் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் பாதிப்பு வராத சேமிப்பிலிருந்து மட்டும் எடுங்கள்.

ஐந்தாம் படி: முன்பின் தெரியாதவரிடம் ஒன்றை விற்றுவிடுங்கள்

நண்பர்களும் உறவினர்களும் வாங்குவது அன்பு. அதை நன்றியோடு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் விற்பனைக் கணக்கில் தனியாக எழுதி வையுங்கள். உங்களைத் தெரியாத ஒருவர், விலையைக் கேட்டுவிட்டு, பணத்தை எடுத்துக் கொடுக்கும் நாள்தான் தொழில் ஆரம்பித்த நாள்.

அதற்குக் கடையோ, பெயர்ப்பலகையோ, இணையதளமோ வேண்டியதில்லை. 1999-ல் நிக் ஸ்வின்மர்னுக்கு இணையத்தில் மக்கள் காலணி வாங்குவார்களா என்று தெரிய வேண்டியிருந்தது. கடைகளுக்குப் போய் அங்கிருந்த காலணிகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். யாராவது வாங்கினால் கடையில் அதே காலணியை முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். அதில் லாபம் கிடையாது. ஆனால் மக்கள் வாங்குவார்கள் என்பது, ஒரு ஜோடிகூட இருப்பு வைக்காமல் தெரிந்துவிட்டது. அதுதான் பிறகு ஜாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடை ஆனது.

நீங்களும் ஒரே ஒரு மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சேவை என்றால், ஏற்கனவே செய்து முடித்த ஒரு வேலையைக் காட்டுங்கள். இது என்ன, யாருக்குப் பயன்படும், விலை என்ன, எப்போது கிடைக்கும் என்று நான்கு வாக்கியம் போதும். விலையைச் சொன்னதும் நிறுத்துங்கள். இந்த இடத்தில் புதியவர்கள் பதற்றத்தில் "வேணும்னா குறைச்சுக்கலாம்" என்று தாமாகவே இறங்கிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் யோசிக்கிறார், அவ்வளவுதான். யோசிக்க விடுங்கள்.

வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல், "பரவாயில்லை. எது ஒத்துவரவில்லை என்று மட்டும் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். விலையா, அளவா, நேரமா, நம்பிக்கையா? பதிலை அன்றைக்கே எழுதி வையுங்கள். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் மாற்ற வேண்டியது அதைத்தான். ஆளுக்கொரு காரணம் சொன்னால், தவறான ஆட்களிடம் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வாங்குகிறேன் என்றால், தேதி சொல்வதில் நிதானம் வேண்டும். நாளைக்கு முடியும் என்று தோன்றினால் நாளை மறுநாள் சொல்லுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த நிமிடமே நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பொருளில் குறை வந்தால் வாதாடாமல் மாற்றிக் கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மாற்றிக் கொடுத்ததால் வரும் நஷ்டத்தையும் கணக்கில் ஏற்றுங்கள். அதுவும் தொழில் செலவுதான்.

ஆறாம் படி: நோட்டு

முதல் விற்பனை நடந்த அன்றே ஒரு நோட்டு போடுங்கள். செயலியும் இருக்கிறது, கணினியில் அட்டவணையும் போடலாம், ஆனால் முதல் சில மாதங்களுக்குக் கையால் எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒவ்வொரு எண்ணும் உங்கள் கைவழியாகப் போகும். தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு. அவ்வளவுதான்.

துணிப்பை உதாரணத்தையே தொடர்வோம். படம், ஸ்கிரீன், மாதிரிக்கெல்லாம் 2,000 போக, கையில் 2,500 இருக்கிறது. செவ்வாய்: 25 பை வாங்கியது, செலவு 1,000, இருப்பு 1,500. புதன்: 25 பைக்கு அச்சு, செலவு 500, இருப்பு 1,000. வெள்ளி: 6 பை விற்றது, வரவு 720, கொண்டுபோய்க் கொடுக்க 60, இருப்பு 1,660.

செவ்வாய்க்கிழமை காலை 2,500 இருந்தது, வெள்ளிக்கிழமை இரவு 1,660. நஷ்டமா? இல்லை. அறையில் விற்காத 19 பை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பைக்கும் அச்சுக்குமாக 60 முடங்கியிருக்கிறது. மொத்தம் 1,140. அதைக் கையிருப்போடு கூட்டினால் 2,800. அதாவது இந்த வாரம் உங்களுக்கு நின்றது 300. விற்ற 6 பைக்குத் தலா 50 வீதம் சரியாக வருகிறது பாருங்கள். ஆனால் அந்த 300 உண்மையாவது மீதி 19 பையும் விற்றால்தான். விற்காமல் கிடந்தால் 1,140-ம் போய்விடும். சரக்கு என்பது வேறு உருவத்தில் இருக்கும் உங்கள் பணம். இந்த ஒரு பக்கத்தை நீங்களே எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டால், ஐந்தொகை (ஒரு தொழிலின் சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கு) என்ற சொல் பிறகு பயமுறுத்தாது. 1494-ல் வெனிஸில் லூக்கா பச்சோலி என்ற கணித அறிஞர் அச்சில் விளக்கிய இரட்டைப்பதிவு முறைக்கும் அடிப்படை இதுவே: எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று ஒவ்வொரு தொகையும் இரண்டு இடத்தில் எழுதப்படும், இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டு ஒழுங்குகள். தொழில் பணமும் கைச்செலவுப் பணமும் ஒரே பையில் இருக்கக் கூடாது. தனிக் கணக்கோ, குறைந்தது தனி உறையோ வேண்டும். தொழிலிலிருந்து உங்களுக்காக எடுத்தால், அதையும் "எனக்கு எடுத்தது" என்று தேதி போட்டு எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து எண்ணி, நோட்டில் உள்ள இருப்பும் கையில் உள்ள பணமும் ஒன்றா என்று பாருங்கள்.

கூட்டாளி, சட்டம், ஏமாற்று

நண்பரோடு சேர்ந்து தொடங்குவது நல்ல விஷயம், எழுதிக்கொண்டால். யார் எவ்வளவு போடுகிறார், யார் எந்த வேலை செய்கிறார், லாபத்தில் பங்கு என்ன, ஒருவர் நடுவில் விலகினால் என்ன ஆகும். ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசிக் கேள்விதான் எல்லோரும் தவிர்ப்பது, அதுதான் மிக அவசியமானது. வளரத் துடிக்கும் புதிய நிறுவனங்களில் பங்கை நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாக்குவதும், முதல் வருடம் முடிவதற்குள் விலகுபவருக்குப் பங்கு இல்லை என்பதும் பரவலான வழக்கம்.

ஆப்பிளை 1976-ல் தொடங்கியவர்கள் மூன்று பேர். மூன்றாமவரான ரொனால்ட் வேய்ன் 10 சதவீதப் பங்கோடு சேர்ந்து, 12 நாளில் விலகி, பங்குக்காக 800 டாலர் வாங்கிக்கொண்டார். இன்று இதைத் தவறவிட்ட செல்வத்தின் கதையாகச் சொல்கிறார்கள். அவருடைய பயம் நியாயமானது என்பதே என் கருத்து. அது சாதாரணக் கூட்டு வியாபாரம். தொழில் கடன்பட்டால் கூட்டாளிகளின் சொந்தச் சொத்தையும் கேட்கலாம். மூவரில் சொத்து இருந்தவர் அவர்தான். உங்கள் நாட்டில் தொழிலின் கடன் உங்கள் சொந்தப் பணத்தைத் தொடுமா தொடாதா என்பது, தொழிலை எந்த வடிவில் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிறிய சோதனை விற்பனையைத் தாண்டும்போது இதையும் வரி விதிகளையும் விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதாகாதவர், உதவித்தொகை பெறுபவர், வேறு நாட்டில் மாணவர் விசாவில் இருப்பவர் எல்லாம் விற்பனைக்கு முன்பே கேட்பது நல்லது. விசாவில் இருப்பவர் தொழில் செய்யக் கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. கல்லூரி ஆய்வகத்தில் உருவாக்கிய ஒன்றைக் கல்லூரி தனது என்று கோரவும் வாய்ப்புண்டு.

தொழில் ஆசை உள்ள மாணவர்களைத் தேடி வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள். "சேரக் கட்டணம் கட்டு, உனக்குக் கீழே ஆட்களைச் சேர்த்தால் பணம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பொருளை வாங்கும் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வராமல், புதிதாகச் சேருகிறவரிடமிருந்து வந்தால் அது தொழிலே இல்லை. நீங்கள் இழப்பது உங்கள் பணத்தோடு நிற்காது, உங்களை நம்பிச் சேர்ந்த நண்பர்களையும் இழப்பீர்கள்.

படிப்போடு எப்படிப் பொருத்துவது

தேர்வு வாரத்தில் நிறுத்தி வைக்கக்கூடிய தொழிலாக இருக்கட்டும். ஆர்டர் எடுக்கும் நாள், கொடுக்கும் நாள் என்று வாரத்தில் இரண்டு நாளை ஒதுக்கி, மற்ற நாட்களில் கைபேசியில் பதில் சொல்வதோடு நிறுத்துங்கள். பாடங்களில் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் கணக்கியல், புள்ளியியல், ஒப்பந்தச் சட்டம் எடுங்கள். தெளிவாக ஒரு பக்கம் எழுதப் பழகுங்கள். விலைப்பட்டியலும் மன்னிப்புக் கடிதமும் நீங்களே எழுத வேண்டிவரும். வேலையில் இருந்துகொண்டே தொழிலை வளர்ப்பதிலும் எந்தக் குறையும் இல்லை. நைக்கியின் பில் நைட் 1964-ல் காலணி விற்கத் தொடங்கினார். 1969 வரை கணக்காளராகவும் ஆசிரியராகவும் சம்பாதித்துக்கொண்டேதான் அதை நடத்தினார்.

ஆரம்பிக்கும் முன்பே இரண்டு எல்லைகளை எழுதி வைத்துவிடுங்கள்: எவ்வளவு பணம் போனால் நிறுத்துவேன், எந்தத் தேதியில் உட்கார்ந்து முடிவெடுப்பேன். நடுவில் வைத்தால் ஆசை எல்லையை நகர்த்திவிடும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்குப்படி அங்கே புதிய தொழில்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலும், பாதியளவு ஐந்து வருடத்துக்குள்ளும் நின்றுவிடுகின்றன. மாணவப் பருவத்தில் நின்றுபோகும் தொழிலுக்கு வாடகை பாக்கியோ ஊழியர் சம்பளமோ கிடையாது. அந்தச் சலுகை பிறகு கிடைக்காது.

குறித்த தேதி வந்ததும் நோட்டைத் திறந்து மூன்றைப் பாருங்கள். முன்பின் தெரியாதவர்கள் எத்தனை பேர் வாங்கினார்கள், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், என் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு நின்றது. திரும்பி வந்தவர்கள் இருந்தால், மற்ற இரண்டும் சுமாராக இருந்தாலும் தொடரலாம். விலையையும் வேகத்தையும் சரிசெய்ய வழி இருக்கிறது. ஒருவர்கூடத் திரும்பவில்லை என்றால் பொருளை மாற்றுங்கள், அல்லது நிறுத்துங்கள்.

நிறுத்துவதாக இருந்தால் முறையாக நிறுத்துங்கள். எடுத்த ஆர்டர்களை முடித்துக் கொடுங்கள், முடியாதவற்றின் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், சரக்கு தந்தவரின் பாக்கியைத் தீருங்கள், மீதிச் சரக்கை அடக்கவிலைக்காவது தள்ளிவிடுங்கள். கூட்டாளியோடு உட்கார்ந்து கடைசிக் கணக்கைப் பிரித்து இருவரும் கையெழுத்திடுங்கள். வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலையும் நோட்டையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த தொழிலுக்குத் தாளில் கணக்குப் போடும்போது, அந்த நோட்டிலிருக்கும் செலவுகளையும் "வேண்டாம்" என்றவர்கள் சொன்ன காரணங்களையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.